கம்பளிக் காலுறை வீட்டில் ஒரு நாய்க்குட்டி

துரோண்ட்ஹெய்ம் மருத்துவமனை
3 நவம்பர் 1983

தூருன்,

நலம் விசாரிக்க இந்தத் தாளில் இடமில்லை. நர்ஸ் ஒரே ஒரு தாள்தான் கொடுத்தாள்.

வரும் சனிக்கிழமை மதியப் பஸ்ஸில் பக்கத்துப் பண்ணை ஆர்ன்ட் உன் ஊருக்கு வருகிறார். அவர் மடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஃபென்யா இருப்பாள். ஏழு வாரக் குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சு மட்டும் வெள்ளை. குட்டி போட்ட மூன்றாம் நாளே தாய் செத்துப்போனது உனக்குத் தெரியும். ஆண்குட்டிகள் இரண்டையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா வைத்திருந்த மந்தை நாய்களின் வழியில் மிச்சம் இருக்கும் ஒரே பெண் இவள்தான்.

வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட நான் மார்ச் வரை இங்கே கிடக்க வேண்டுமாம். ஆடுகளை ஆர்ன்ட் பார்த்துக்கொள்வார். குட்டியை அவரிடம் விட முடியாது. கொட்டகையில் கட்டிப்போட்டு வேளைக்குச் சோறு வைப்பார், அவ்வளவுதான். பதினாறு வாரத்துக்குள் பார்க்காத எதையும் நாய் ஆயுசுக்கும் நம்பாது. அதனால்தான் உன் வீடு. மூன்று பிள்ளைகள், ஒரு டிராம்போன், உன் வீட்டுக்காரரின் பாட்டுக் கோஷ்டி. ஒரு நாளாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. உன் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தாலே எனக்குத் தலை வலிக்கும். ஆனால் ஒரு குட்டிக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வளர்க்கத்தான் தருகிறேன், வைத்துக்கொள்ள அல்ல. ஏப்ரல் கடைசியில் ஆடுகள் ஈனத் தொடங்கும். அதற்குள் நான் லேக்கா தீவுக்குத் திரும்புவேன், அவளும் என்னோடு திரும்புவாள். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடு. கடைசியில் என்னை ராட்சசி ஆக்காதே.

போன் செய்யாதே. போன் நடைக்கூடத்தில் இருக்கிறது. நான் பேசுவதை எட்டுப் பேர் கேட்பார்கள்.

போர்கில்ட்


நாம்சோஸ்
14 நவம்பர் 1983

அக்கா,

உன் கடிதமும் குட்டியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதத்தை முதலில் பிரித்திருந்தால் பெட்டிக்குள் என்ன என்று தெரிந்திருக்கும். பெட்டியைத்தான் முதலில் பிரித்தோம்.

ஆர்ன்ட் வாசலிலேயே நின்றுகொண்டு, "பஸ்ஸுல ரெண்டு தடவ மூத்திரம் போச்சு. ரெண்டு தடவையும் என் மேலதான்" என்றார். காப்பி குடிக்கக்கூட உள்ளே வரவில்லை. வந்த வேகத்தில் திரும்பிவிட்டார், பாவம்.

பிள்ளைகளிடம் சொன்னேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன். "இது பெரியம்மாவோட நாய். பனி உருகுற வரைக்கும்தான் நம்ம வீட்டுல இருக்கும்." சிக்னே பதினொரு வயதுக்காரி, புரிந்துகொண்டு தலையாட்டினாள். ஷூர் ஏழு வயது, அவன் உடனே, "இந்த வருஷம் பனி உருகலன்னா?" என்று கேட்டான். நாலு வயது மாரெனுக்குக் கவலையே வேறு. குட்டி ஹாலுக்குள் ஓடியதும், "அது ஏன் பூட்ஸக் கழட்டாம உள்ள வருது?" என்று கத்தினாள். இப்போது வாசல் அறையில் குட்டிக்கென்று ஒரு துண்டு தொங்குகிறது. வெளியே போய்வந்தால் நாலு காலையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். மாரெனின் சட்டம் அது.

முதல் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் மாரென் மத்தியானத் தூக்கத்துக்கு அவள் கூடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். தேடாத இடமில்லை. கடைசியில் கூடையிலிருந்து இரண்டு மூக்குகள் எட்டிப் பார்த்தன. அதிலிருந்து அழுகை நின்றது, கூடைதான் பிய்ந்துவிட்டது.

வெளியே முழங்கால் அளவு பனி. குட்டிக்கு வயிறு பனியில் தட்டுகிறது, மூத்திரம் போக உட்கார மாட்டேன் என்கிறாள். ஹல்வார் விடிந்ததும் நீளக் கம்பளி உள்ளாடையோடு போய் அவளுக்கென்று ஒரு சந்து வெட்டிக் கொடுக்கிறார். பஸ் ஓட்டப் போகிறவர் செய்கிற வேலையா இது என்று நான் சிரித்தால், "நீ சிரி. இது உட்கார்ற வரைக்கும் நான் குளிர்ல நிக்கணும்" என்கிறார். போன வியாழக்கிழமை உட்கார்ந்தாள். அவர் கைதட்டியது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

பெயர் விஷயத்தில் மட்டும் கோபித்துக்கொள்ளாதே. ஃபென்யா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஷூர் தட்டிலிருந்து ஒரு வாஃபிளைத் திருடித் தின்றாள். அவன் "வாஃபிள்!" என்று அலறினான். அதற்குத் திரும்பிவிட்டாள். இப்போது வீடு முழுக்க அதுதான் பெயர்.

உன் கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

தூருன்


துரோண்ட்ஹெய்ம்
24 நவம்பர் 1983

தூருன்,

நாய்க்குப் பலகாரத்தின் பெயரா? மலையில் இருநூறு ஆட்டுக்கு நடுவில் நின்று நான் "வாஃபிள், வாஃபிள்" என்று கூவ வேண்டுமா? ஆர்ன்ட் சிரித்தே செத்துப்போவார்.

உன் வீட்டுக்காரர் வெட்டும் சந்து நல்ல யோசனை. அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதே.

அவள் தூங்கும்போது யாரும் தொடக் கூடாது, மாரென் உட்பட. கடித்தால் கத்த வேண்டாம், எழுந்து போய்விடுங்கள். அடுத்து, தினம் ஒரு புதிய விஷயமாவது அவள் பார்க்க வேண்டும். தாடி வைத்த ஆள், குடை, சைக்கிள், கைக்குழந்தையின் அழுகை, இடைவெளி விட்ட மாடிப்படி, படகு எஞ்சின், தூசி உறிஞ்சும் மெஷின். ஆட்டை வேலிக்கு வெளியிலிருந்து மட்டும் காட்டு. பயந்தால் தூக்கிக் கொஞ்சாதே. பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் நீ பாட்டுக்கு நில். நீ எதற்கெடுத்தாலும் தூக்கிக் கொஞ்சுகிறவள், அதனால்தான் எழுதுகிறேன்.

கால் இருக்கிறது. இரண்டும் இருக்கின்றன.

போர்கில்ட்


நாம்சோஸ்
18 டிசம்பர் 1983

அக்கா,

உன் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, ஒன்றொன்றாக அடித்துக்கொண்டே வருகிறோம். ஷூர்தான் பென்சில் அதிகாரி.

தாடி வைத்த ஆள் என்று ஒருவரைத்தானே கேட்டாய்? ஹல்வாரின் பாட்டுக் கோஷ்டி ஒத்திகைக்கு நம் வீட்டுக்கு வந்தது. பதினான்கு பேர், அதில் பதினொரு தாடி. வாசல் அறையில் பதினான்கு ஜோடி பூட்ஸ். எல்லாரும் கம்பளிக் காலுறையோடு ஹாலில் வட்டமாக நின்று கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்ததும் குட்டி நடுவில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக் கூடவே ஊளையிட்டாள். கோஷ்டித் தலைவர், "நம்ம ஆளுங்கள விட இதுக்குச் சுருதி நல்லாருக்கு" என்றார். சிக்னே டிராம்போன் ஊதினால் ஓடாமல் வந்து அதன் வாய்க்குள் தலையை விடுகிறாள். கைக்குழந்தையை எதிர்வீட்டில் இரவல் வாங்கினோம். அது நன்றாக அழுதது.

ஷூர் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னானோ, ஒரு வெள்ளிக்கிழமை அவன் வகுப்பில் இருபது பேரும் டீச்சரோடு வந்து நின்றார்கள். எல்லாரும் பூட்ஸைக் கழற்றி வரிசையில் உட்கார்ந்தார்கள், குட்டி ஒவ்வொரு காலாக மோந்து பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பையனின் காலுறையைப் பிடுங்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். எங்கள் வீட்டில் இப்போது ஜோடியாக ஒரு காலுறை கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை ஒரு பூட்ஸைக்கூடக் கடித்ததில்லை. வாசல் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருப்பதால் அந்தப் பக்கமே போக மாட்டாள்.

ஹல்வார் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ்ஸில் ஏற்றி ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனார். வேலிக்கு வெளியே உட்காரவைத்தாராம். ஒரு ஆடு முறைத்ததாம். இவள் வயிறு தரையில் படுகிற மாதிரி பதுங்கி, அசையாமல் திருப்பி முறைத்தாளாம். அந்த ஆடுதான் முதலில் திரும்பிப் போனதாம். ஹல்வார் வந்து அதையே ஐந்து தடவை சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது, மனுஷனுக்கு நம் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

பட்டியலில் எல்லாவற்றையும் அடித்தாயிற்று அக்கா. ஒன்றுகூட மிச்சமில்லை. பெருமையாக இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

பார்சலில் ஏழு வகை பிஸ்கட், பழுப்புச் சீஸ், குட்டியின் போட்டோ ஒன்று. பண்டிகையை அங்கே தனியாகக் கழிக்கப் போகிறாயே என்று நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. கால் எப்படி என்று மறுபடியும் கேட்கிறேன். நடக்கிறாயா?

தூருன்


துரோண்ட்ஹெய்ம்
2 ஜனவரி 1984

தூருன்,

போட்டோவைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் அம்மாள், "உங்க பேத்தியா?" என்று கேட்டாள். அவளுக்குக் கண் சரியில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டை முறைத்தது உண்மையாக இருந்தால் நல்லது. அப்பாவின் கிழட்டு நாய் அப்படித்தான் பதுங்கும். அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன்.

ஒரு சின்னக் கேள்வி. வீட்டுக்குள், மரத்தரையில், யாராவது பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன செய்கிறாள்?

பிஸ்கட்டில் ஏலக்காய் அதிகம்.

போர்கில்ட்


நாம்சோஸ்
19 ஜனவரி 1984

அக்கா,

உன் கேள்வியைப் படித்தபோது சிரித்தேன். "என் வீட்டுக்குள்ள பூட்ஸ் போட்டு நடக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?" என்று ஹல்வாரிடம் சொன்னேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு வாரம்தான் ஆயுசு.

கோஷ்டிக்காக ஹல்வார் ஒரு பழைய பியானோ வாங்கினார். போன வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்கள் அதைத் தூக்கி வந்தார்கள். தோளில் அத்தனை கனத்தோடு நிற்கிறவர்களிடம் பூட்ஸைக் கழற்று என்று எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். தரை அதிர்ந்தது. வாஃபிள் ஹால் நடுவில் படுத்திருந்தாள். எழுந்தாள், நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாள். அப்புறம் விறகடுப்புக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நுழைந்தாள். அவர்கள் போய் நாலு மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. கருவாடு காட்டினோம். மாரென் தரையில் படுத்துத் தன் காலுறையைக் கழற்றி நீட்டினாள். அதற்கும் வரவில்லை.

முதலில் பியானோவைப் பார்த்து பயந்தாள் என்று நினைத்தோம். மறுநாள் ஹல்வார் தன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உள்ளே இரண்டே அடி வைத்தார். அவளைக் கையிலேந்தித் தூங்கவைத்த ஹல்வார்தான். மறுபடியும் அடுப்புச் சந்து. தெருவில் பூட்ஸ் பயமில்லை அக்கா, பனியில் சத்தம் வருவதில்லை. வீட்டுக்குள் அவள் கேட்ட காலெல்லாம் கம்பளிக் கால்தான். பதினொரு தாடியைக் காட்டினேன், இரவல் குழந்தையைக் காட்டினேன், பூட்ஸ் காலோடு நடக்கிற ஒரு மனுஷனைக் காட்டவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. உன் பட்டியலிலும் இல்லையே என்று சண்டை போடலாம், ஆனால் நீயும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறவள்தானே, உனக்கும் தோன்றியிருக்காது.

கொட்டகையில் மரத்தரை, அங்கே நீ பூட்ஸோடுதான் நடக்க வேண்டும் என்பது தெரியும். அதனால்தான் உடனே எழுதாமல் ஒரு வாரம் ஓட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. சிக்னே மெல்லக் கேட்டாள்: "அப்போ பெரியம்மாக்கு வாஃபிள் வேணாம்ல? நாமளே வச்சுக்கலாம்ல?" நான் அவளை அதட்டினேன். ஆனால் அதட்டுவதற்கு முன் ஒரு நொடி எனக்கும் சந்தோஷமாக இருந்தது அக்கா.

கோபித்துக்கொண்டு எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தூருன்


துரோண்ட்ஹெய்ம்
30 ஜனவரி 1984

தூருன்,

கோபம் இல்லை. நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எலும்பு சரியாகக் கூடவில்லை. டிசம்பரில் மறுபடியும் அறுத்தார்கள். இடது கால் நாலு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. உள்ளே இரும்புத் தகடும் அடியில் கட்டையும் வைத்து ஒரு பூட்ஸ் செய்து கொடுத்திருக்கிறார்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றலாம். அது இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. கொட்டகையில் மட்டுமில்லை, என் வீட்டுக்குள்ளும் இனி பூட்ஸோடுதான் நடப்பேன். நடைக்கூடத்தில் நான் வருவது கடைசி அறை வரைக்கும் கேட்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள் பார்க்காமலே, "போர்கில்ட் வந்தாச்சு" என்கிறாள். எனக்கே என் சத்தம் கூச்சமாக இருக்கிறது.

இனி யார் வீட்டுக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிட வேண்டியதுதான். உன் வீடு உட்பட.

இந்தக் காலோடு ஆட்டுக்குப் பின்னால் ஓட முடியாது. ஓடுவதற்கு ஒரு நாய் இருந்தால் பண்ணையை நடத்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த நாய் நான் கட்டிலை விட்டு இறங்கினாலே அடுப்புக்குப் பின்னால் போகும் என்றால் அவளுக்கும் வேதனை, எனக்கும் வேதனை. பதினாறு வாரமும் தாண்டிவிட்டது. அவளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னேயை அதட்டாதே. ஆடுகளை எடுத்துக்கொள்கிறாரா என்று ஆர்ன்ட்டைக் கேட்டு எழுதப் போகிறேன்.

அவள் நல்ல குட்டி. நீங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

போர்கில்ட்


நாம்சோஸ்
9 பிப்ரவரி 1984

அக்கா,

வாசலோடு நிற்பாளாம்! மூன்று மாதம் கால் எப்படி, கால் எப்படி என்று கேட்டேன். "இரண்டும் இருக்கின்றன" என்று எழுதினாய். பண்டிகை நாளில் உன்னை அறுத்துத் தைத்திருக்கிறார்கள், நீ ஏலக்காய் அதிகம் என்று எழுதினாய். எனக்கு வந்த கோபத்தில் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்தேன்.

ஆர்ன்ட்டுக்கு எழுதாதே. எழுதியிருந்தால் இன்னொன்று எழுதி அதை மாற்று.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தேன். மறைக்க நினைத்தேன், ஹல்வார்தான் படி என்றார். அன்றைக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம், நீ இல்லாமல் போய்விட்டாய். வைத்துக்கொள்ளலாம் என்ற வரி வந்ததும் ஷூர் நாற்காலிமேல் ஏறிக் குதித்தான். மாரென் எதற்கென்று தெரியாமல் கூடவே குதித்தாள். சிக்னே மட்டும் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். எழுந்தாள், கதவைச் சாத்திக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஹல்வார் எழுந்து வாசல் அறைக்குப் போனார். பூட்ஸைக் கையில் எடுத்து வந்து ஹால் நடுவில், நான் சனிக்கிழமை சோப்புப் போட்டுத் தேய்த்த தரையில், வைத்தார். "பதினாறு வாரமாவது, பதினேழாவது. அண்ணி நாயில்லாம அந்தத் தீவுல என்ன பண்ணுவாங்க?" என்றார். நான், "தரை?" என்றேன். "தரையென்ன தங்கமா?" என்றார். இருபது வருஷத்தில் அந்த மனுஷன் என்னை எதிர்த்துப் பேசியது அது ஒரு தடவைதான்.

ஒரு வாரம் பூட்ஸ் வெறுமனே ஹாலில் நின்றது. பூட்ஸுக்குள் கருவாட்டுத் துண்டு போட்டோம். முதல் நாள் தூரத்திலிருந்தே குரைத்தாள். மூன்றாம் நாள் மூக்கை விட்டாள். நேற்று தலை முழுதும் உள்ளே, வால் மட்டும் வெளியே. இனி பூட்ஸுக்குள் கால், உட்கார்ந்தபடி. அப்புறம் ஒரு அடி. அப்புறம் இரண்டு.

உன் பூட்ஸ் எப்படிச் சத்தம் போடும் என்று எழுது. கூச்சப்படாமல் எழுது. எங்களுக்கு அதுதான் வேண்டும்.

என் வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்றாயானால் நான் உன்னோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டேன். பூட்ஸோடு உள்ளே வந்து சோபாவில் உட்கார்.

தூருன்


துரோண்ட்ஹெய்ம்
17 பிப்ரவரி 1984

தூருன்,

ஆர்ன்ட்டுக்கு எழுதியது இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. தபாலில் போடவில்லை.

நீ கேட்டது: வலது கால் சாதாரணமாக விழும். ஊன்றுகோல் 'டக்' என்னும். இடது கால் கொஞ்சம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து 'தொம்' என்று விழும். பக்கத்துக் கட்டில் அம்மாளைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவள் மேஜையில் தட்டியே காட்டினாள்.

பூட்ஸ் செய்கிறவர் முதலில் செய்து, அளவு சரியில்லை என்று கழித்த அடிக்கட்டை ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். கூடவே நான் ஒரு வாரம் போட்டுத் துவைக்காத காலுறை. உன் மூக்கைப் பொத்திக்கொள், அது அவளுக்கு.

நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அனுப்புகிறேன்.

போர்கில்ட்


லேக்கா
10 ஏப்ரல் 1984

தூருன்,

நான் வெள்ளிக்கிழமை வந்தேன். சனிக்கிழமை படகில் உன் வீட்டுக்காரர் அவளைக் கொண்டுவந்தார். ஏழு வாரம்கூட ஆகாத குட்டியாகக் கடைசியாகப் பார்த்தது. இப்போது கால்தான் முக்கால்வாசி உடம்பு.

ஹல்வார் வாசலில் பூட்ஸைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் இனி அந்தச் சட்டம் இல்லை. அவர் அவளை அவிழ்த்துவிட்டார். அவள் சமையலறையை மோந்துகொண்டு சுற்றினாள். நான் அடுப்போரம் நின்றேன். தூருன், நான் இரண்டு தடவை அறுவைக்குப் போனவள், அப்போதுகூட அப்படிப் பயந்ததில்லை. ஒரு அடி வைத்தால் போய்விடுவாளோ என்று அப்படியே நின்றேன். ஹல்வார்தான், "நடங்க அண்ணி" என்றார்.

நடந்தேன். தேய்த்து, தொம் என்று விழுந்தது. அவள் காதைத் தூக்கினாள். ஓடி வந்தாள். என்னிடமிருந்து ஓடவில்லை, என்னை நோக்கி ஓடி வந்தாள். இடது பக்கம், பூட்ஸை ஒட்டி உட்கார்ந்து என் பையையே பார்த்தாள். என்னிடம் கருவாடு இல்லை. அவமானமாகப் போய்விட்டது.

நாலு நாளாகப் பார்க்கிறேன். இடது பக்கம்தான் வருகிறாள். நான் நின்றால் நிற்கிறாள். நான் அடி வைக்கத் தாமதித்தால் அவளும் அரை அடி காத்து நடக்கிறாள். நேற்று வேலிக்குள் விட்டேன். ஆடுகளைச் சுற்றி வளைத்துவிட்டு, நான் வந்து சேரும் வரைக்கும் படுத்துக் காத்திருந்தாள். இது தானாக வருவதில்லை. நொண்டுகிற ஒருத்தரோடு இவள் தினமும் நடந்திருக்கிறாள். யார் என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எல்லாருமாத்தான்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு படகுக்குப் போய்விட்டார்.

எல்லாருமாக ஒரு நாயை இப்படிப் பழக்க முடியாது. யார்?

போர்கில்ட்


நாம்சோஸ்
16 ஏப்ரல் 1984

அக்கா,

சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்கிறேன்.

சிக்னே.

நாங்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டு நடந்தோம்தான். ஷூருக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. ஹல்வாருக்குப் பஸ், எனக்கு நூலக வேலை. உன் பார்சல் வந்த அன்று சாயங்காலம் சமையலறையில் ஏதோ தொம் தொம் என்று கேட்டது. போய்ப் பார்த்தேன். உன் அடிக்கட்டையைத் தன் இடது பூட்ஸுக்கு அடியில் வைத்து ஸ்கிப்பிங் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தாள். கையில் பனிச்சறுக்குக் கோல். ஜேபியில் கருவாடு. வாஃபிள் பெஞ்சுக்கு அடியில் இருந்தாள். இவள் அங்கே பார்க்கவே இல்லை, நீ எழுதியிருந்தாயே, பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் நிற்க வேண்டும் என்று. அதுபோல நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டு கருவாட்டைக் கீழே போட்டாள்.

அன்றிலிருந்து தினமும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சமையலறையிலிருந்து வாசல் அறை வரை நாற்பது தடவை. ஏழு வாரம். கயிறு காலை அறுத்துப் புண்ணாகியிருந்ததை ஒரு நாள் குளிக்கும்போதுதான் பார்த்தேன். மருந்து போடும்போது கேட்டாள்.

"அம்மா, இது நல்லாக் கத்துக்கிட்டா போயிடும்ல?"

"ஆமாடி."

"கத்துக்கலன்னா?"

"நம்மகிட்டயே இருக்கும்."

நான் வேண்டாம், விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் கயிற்றை எடுத்துவிட்டாள். "பெரியம்மாவக் கண்டு ஓடிட்டா அவங்க நடக்குறதையே நிறுத்திடுவாங்கம்மா" என்றாள். கட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் குட்டி முதல் தடவையாக, கருவாடு விழுவதற்கு முன்பே, அவள் பின்னால் வந்தது.

அவளுக்கு நீ நன்றிக்கடன் பட்டுவிடக் கூடாதாம், அதனால் சொல்லக் கூடாதாம். படகுத்துறைக்கும் வரவில்லை. டிராம்போனைத் தொடவில்லை. நாய் போன பிறகு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்தவள் பூட்ஸோடு ஹால் நடுவில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவளே கழற்றிவிட்டு வந்தாள்.

தரையெல்லாம் கீறல். ஹல்வார் கோடையில் பெயின்ட் அடிக்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தூருன்


லேக்கா
23 ஏப்ரல் 1984

தூருன்,

நேற்று முதல் ஆடு ஈன்றது, இரட்டை. எழுத நேரமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சிக்னேவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். எனக்கு இதெல்லாம் வராது, உனக்குத் தெரியும். ஜூனில் பள்ளிக்கூடம் மூடியதும் அவளை அனுப்பு. வேலைக்கு அல்ல, விருந்துக்கும் அல்ல. அவளுடைய நாயைப் பார்க்க. அவள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து நாயின் சீட்டில் எழுதி, பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இதில் நன்றிக்கடன் ஒன்றும் இல்லை, யார் பழக்கினாரோ அவருக்கு நாயில் பங்கு உண்டு.

கீழே இருப்பதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு.

சிக்னே, இந்த பூட்ஸ் போட்ட நாளிலிருந்து நான் நடப்பதை வெறுத்தேன். மருத்துவமனையில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து நடக்காமல் தாகத்தோடு கிடந்திருக்கிறேன். இன்று காலை ஒரு வேலையும் இல்லாமல் அடுப்பிலிருந்து வாசல் வரை ஐந்து தடவை நடந்தேன். ஐந்து தடவையும் வந்தாள்.

பெரியம்மா